ஆஸ்பத்திரியில் தொற்றும் கிருமி: சூடோமோனாஸ் பற்றி நாம் அறிய வேண்டியவை

 

மருத்துவ உதவி கேட்டு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிற விண்ணப்பங்களோடு ஆஸ்பத்திரிக் காகிதங்களும் ஒரு கட்டாக வரும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், லேப் ரிப்போர்ட், மருந்து பில் எல்லாம் அதில் இருக்கும். பில்லின் கூட்டுத்தொகையையும் ஜமாஅத் கடிதத்தையும் பார்த்து, குடும்ப நிலையை விசாரித்து, உதவித் தொகையை முடிவு செய்வது எங்கள் வழக்கம். லேப் ரிப்போர்ட்டை நாங்கள் படித்ததில்லை. அது டாக்டர்கள் சமாச்சாரம் என்று புரட்டிவிட்டுப் போய்விடுவோம்.

சென்ற வருடம் ஒரு சகோதரர் வந்தார். அவருடைய அத்தா பக்கவாதத்தில் விழுந்து, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஐ.சி.யூ.வில் இருந்தவர். முதல் வாரம் தேறி வந்தார். கையை அசைத்தார், பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்தார். இரண்டாம் வாரம் காய்ச்சல் வந்தது. மூச்சுக்குழாயில் போட்டிருந்த டியூபிலிருந்து எடுத்த சளியில் ‘சூடோமோனாஸ் ஏருஜினோசா’ என்ற கிருமி இருப்பதாக ரிப்போர்ட். அதன் பிறகு எழுதிக் கொடுத்த ஊசிகளின் பில்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. அந்தச் சகோதரர் எங்களிடம் கேட்ட கேள்வி இது: “நாங்க வாதத்துக்குத்தானே அத்தாவச் சேர்த்தோம். இப்ப நிமோனியாங்கிறாங்க. கிருமி ஆஸ்பத்திரியிலேயே புடிச்சதுன்னும் அவங்களே சொல்றாங்க. அப்ப தப்பு அவங்களுதுதானே? அதுக்கும் நாமளே எப்படி பில் கட்டுறது?”

எங்களிடம் பதில் இல்லை. இயன்ற உதவியைச் செய்து அனுப்பினோம். பத்து நாளில் அந்தப் பெரியவர் வஃபாத்தாகிவிட்டார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. கேள்வி மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. பழைய விண்ணப்பக் கட்டுகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தோம். அதே பெயர் இன்னும் சிலருடைய காகிதங்களில் இருந்தது. சர்க்கரைப் புண்ணுக்குக் கால் விரல் எடுத்தவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு சகோதரி, யூரின் டியூபோடு மாதக்கணக்கில் படுத்திருந்த ஒரு மூதாட்டி. நமதூர் டாக்டர்கள் இருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டோம், படித்தும் பார்த்தோம். அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறோம்.

இது புதிய கிருமி அல்ல. 1882ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு மருந்தாளர் கார்ல் கெஸ்ஸார் என்பவர் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். காயத்துக்குக் கட்டிய துணி சில நோயாளிகளுக்கு மட்டும் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் கறைபடுவது ஏன் என்று தேடிப் போனவர் அவர். அந்த நிறம் இந்தக் கிருமி உண்டாக்கும் சாயம். ‘ஏருஜினோசா’ என்ற பெயரும் நிறத்தால் வந்ததுதான். லத்தீன் மொழியில் செம்புக் களிம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வருகிறது. ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்துவிட்டால் பச்சையாய்ப் பூக்குமே, நம் வீட்டுப் பெண்கள் அறிந்த அதே களிம்பு. கூடவே ஒருவித இனிப்பு வாடையும் வரும். திராட்சைப்பழ வாசனை போல என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இதைப் படித்துவிட்டுப் பச்சையாகத் தெரிகிற சளியையும் சீழையும் எல்லாம் இந்தக் கிருமிதான் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியது கல்ச்சர் பரிசோதனை.

இது வாழ்கிற இடம் ஈரம். மண்ணில் இருக்கும், குளத்து நீரில் இருக்கும், தொட்டியில் இருக்கும். குழாயின் வாய், கைகழுவும் பேசினின் ஓட்டை, நனைந்தபடி மூலையில் சாத்திய மாப்பு, அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் வாளி எல்லாம் இதற்கு வீடு. சாப்பாடும் அதிகம் கேட்காது. காய்ச்சி வடித்த தண்ணீரில்கூட இதனால் பெருக முடியும். கிருமிநாசினியை அளவுக்கு மேல் தண்ணீர் கலந்து நாள்கணக்கில் வைத்திருந்தால், அந்தப் பாட்டிலுக்குள்ளேயே இது வளர்ந்த சம்பவங்கள் உண்டு.

அப்படியானால் தினமும் ஐந்து நேரம் தண்ணீரில் கைவைக்கிற நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? ஆரோக்கியமான உடம்பில் இதற்கு நுழைய வழி இல்லை என்பதுதான் காரணம். தோல் ஒரு மதில். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள சளியும் நுண்ணிய மயிர்களும் இன்னொரு காவல். இவற்றையும் தாண்டி உள்ளே வந்தால் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் பிடித்துத் தின்றுவிடும். அல்ஹம்துலில்லாஹ், இத்தனை காவலையும் நம்மை அறியாமலேயே அல்லாஹ் நமக்குள் வைத்திருக்கிறான்.

இந்தக் காவல் தளர்ந்தவரிடம்தான் இந்தக் கிருமி தன் வேலையைக் காட்டுகிறது. தீக்காயம் பட்டவருக்குத் தோல் என்ற மதிலே இல்லை. புற்றுநோய் மருந்து ஏற்றியவருக்குச் சில நாட்கள் வெள்ளை அணு மிகவும் இறங்கிவிடும்; அப்போது வரும் ஒரு காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தோலும் மெல்லிசு, எதிர்ப்புச் சக்தியும் முதிரவில்லை. பல வருட சர்க்கரைக்காரர், நுரையீரல் பழுதடைந்து வருடத்துக்கு நாலு தடவை அட்மிட் ஆகிறவர், எல்லோரும் இந்த வரிசையில் வருகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் நடக்கிறது. உயிரைக் காப்பாற்றுவதற்காகவே உடம்பின் மதிலில் வழி திறக்க வேண்டியிருக்கிறது. வென்ட்டிலேட்டருக்காகத் தொண்டைக்குள் டியூப், சிறுநீருக்கு ஒரு டியூப், கையிலோ கழுத்திலோ மருந்து ஏற்ற ஒரு குழாய். ஒவ்வொன்றும் வெளியிலிருந்து நேரே உள்ளே போகும் பாதை. அந்தப் பெரியவருக்கு வாதம் வந்த அன்று டியூப் போடாவிட்டால் அன்றே மூச்சு நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த டியூபின் வழியாகத்தான் கிருமியும் போனது.

நமது பழைய பள்ளிவாசல் ஹவுளின் படிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரம் தேய்க்காமல் விட்டால் வழுவழுவென்று ஒரு படலம் வந்துவிடும். தண்ணீரை ஊற்றினால் போகாது, விளக்குமாறு கொண்டு தேய்த்தால்தான் போகும். இந்தக் கிருமியும் அப்படித்தான். பிளாஸ்டிக் டியூபின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு பிசினைச் சுரந்து, கூட்டமாக அதற்குள் குடியேறிவிடும். மேலே எவ்வளவு மருந்து ஓடினாலும் அடியில் இருப்பது தப்பித்துவிடும். அதனால்தான் “டியூபை மாத்தணும்”, “டியூபை எடுத்துடலாம்” என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் ஆட்கள் சிலர் அதைக் கேட்டதும் காசு பறிக்கிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரியான யோசனை.

மருந்துக்கு ஏன் இத்தனை செலவு என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. சளி, காய்ச்சலுக்கு நாம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கும் அமாக்ஸிசிலின் போன்றவை இந்தக் கிருமியிடம் செல்லாது. பிறவியிலேயே அப்படி. இதன் வெளிச்சுவரில் மருந்து நுழையும் துளைகள் மிகச் சிறியவை. நுழைந்த மருந்தையும் வெளியே தள்ளும் பம்புகள் அதன் உடம்பில் உண்டு. அதற்கும் மேல், மருந்தை உடைத்துப் போடும் நொதிகளையும் சுரக்கும். இதற்கு வேலை செய்யும் மருந்துகள் பெரும்பாலும் ஊசிகள்தான்: பைப்பராசிலின்-டாசோபாக்டம், செஃப்டாசிடிம், மெரோபெனம், அமிகாசின் போன்றவை. அதில் பலவற்றை ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை என்று பல நாட்கள் ஏற்ற வேண்டும். மாத்திரையாக விழுங்கி வேலை செய்யக்கூடியது சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஒன்றுதான். அந்த சிப்ரோஃப்ளாக்சசினைத்தான் நாம் வயிறு கலக்கினால் கடையில் பேர் சொல்லி வாங்கி, இரண்டு மாத்திரை போட்டுவிட்டு மீதியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுகிறோம்! அரைகுறையாய்ப் போடும் ஒவ்வொரு தடவையும் உடம்பில் உள்ள கிருமிகளுக்கு அந்த மருந்தை எதிர்க்கப் பாடம் நடத்துகிறோம் என்றார் ஒரு டாக்டர்.

மெரோபெனம் வகைக்கும் மசியாத சூடோமோனாஸ் இப்போது உலகமெங்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆபத்தான கிருமிகளின் பட்டியலில் அதை முதல் படியில் வைத்தது. 2024இல் திருத்திய பட்டியலில் அடுத்த படியில் இருக்கிறது. அந்த நிலைக்குப் போனவர்களுக்கு டாக்டர்கள் எடுப்பது கோலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதற்காக ஒரு காலத்தில் பெரும்பாலும் ஒதுக்கி வைத்த பழைய மருந்து, வேறு வழியில்லாமல் திரும்ப வந்திருக்கிறது. இதையே கோழித் தீவனத்திலும் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு கால்நடைக்கும் கோழிக்கும் அதைக் கொடுப்பதைத் தடை செய்தது.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே ‘எஸ்’, ‘ஆர்’ என்று எழுத்து இருக்கும். ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும். ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் அனுபவத்தில் ஒரு மருந்தைத் தொடங்கி, ரிப்போர்ட் வந்த பிறகு மாற்றுவார். மருந்தை மாற்றியதற்காக, முன்பு கொடுத்தது தப்பு மருந்து என்று சண்டைக்குப் போன ஒரு குடும்பத்தை நாங்கள் அறிவோம்.

தவறு யாருடையது?

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் பிடித்தது என்றால் ஆஸ்பத்திரியின் தவறுதானா? சில சமயம் ஆம்.

வட அயர்லாந்தில் 2011 டிசம்பரிலும் 2012 ஜனவரியிலும் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தக் கிருமி புகுந்தது. ஆல்ட்னகெல்வின் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையும், பெல்ஃபாஸ்ட் நகரின் ராயல் ஜூபிலி மகப்பேறு ஆஸ்பத்திரியில் 3 குழந்தைகளும் இறந்தன. விசாரணையில் கண்டது என்ன தெரியுமா? கைகழுவும் குழாய்கள். குழாயின் வாய்க்குள் இருந்த சிறு பாகங்களில் இந்தப் படலம் ஒட்டியிருந்தது. எந்தக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு குழந்தையைத் தொட்டார்களோ, அதே குழாய். பிறகு குழாய்களை மாற்றினார்கள். குழந்தைகளைத் துடைக்கக் குழாய்த் தண்ணீரைத் தொடாமல், கிருமி நீக்கிய தண்ணீர் மட்டும் என்று விதி செய்தார்கள். வசதியுள்ள நாட்டிலேயே அந்த நிலை.

அமெரிக்காவில் 2023இல் நடந்தது நமக்கு இன்னும் பக்கம். கண் வறட்சிக்குப் போடும் சொட்டு மருந்தோடு தொடர்புள்ள சூடோமோனாஸ் தொற்று, 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது, 4 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பயன்படுத்திய மருந்து சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையில் தயாரானது. கெட்டுப்போகாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காமல், திறந்து பல நாள் பயன்படுத்தும்படி அடைத்த பாட்டில் அது. திறந்த பாட்டில்களில் அதே வகைக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆனால் எல்லாத் தொற்றும் இப்படி ஒருவரைக் காட்டிச் சொல்லக்கூடியதாக இருப்பதில்லை. சிலருக்கு இந்தக் கிருமி குடலிலேயே முன்பே இருந்து, உடம்பு தளர்ந்ததும் கிளம்புகிறது. கவனமாக நடத்தப்படும் ஐ.சி.யூ.விலும், டியூபோடு நாள் கூடக் கூட ஆபத்து கூடுகிறது. இன்னொரு வழியும் உண்டு, அதைச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. பார்க்கப் போகிற நம்முடைய கைகள்.

எனவே அந்தச் சகோதரருக்கு இன்று பதில் சொல்வதானால் இப்படிச் சொல்வோம்: ஆஸ்பத்திரியில் பிடித்தது என்பதை வைத்து மட்டும் குற்றம் என்று சொல்ல முடியாது, கேள்வி கேட்கும் உரிமை மட்டும் உங்களுக்கு உண்டு. “இந்த டியூப் இன்னைக்கும் தேவையா டாக்டர்?” என்று தினமும் கேட்கலாம். கல்ச்சர் அனுப்பியாயிற்றா, முடிவு என்ன என்று கேட்கலாம். நர்ஸ் கையைச் சுத்தம் செய்யாமல் டியூபைத் தொட வந்தால் மரியாதையாக நினைவூட்டலாம். தலைப்பக்கம் கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கிறார்களா, வாயைச் சுத்தம் செய்கிறார்களா என்று பார்க்கலாம். நுரையீரல் தொற்றைத் தடுப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். இதையெல்லாம் அன்றே எங்களுக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் என்ற வருத்தம் எங்களுக்கு இருக்கிறது.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது

நோயாளியை நலம் விசாரிப்பது நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்திய சுன்னத். அதை விடச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. ஆனால் நம்மில் ஒருவர் ஐ.சி.யூ.வில் என்றால் வேன் பிடித்துக்கொண்டு இருபது பேர் போகிறோம். ஒவ்வொருவராக உள்ளே போய், கையைப் பிடித்து, நெற்றியைத் தடவி, போர்வையைச் சரிசெய்து, டியூபை ஒதுக்கிவைத்துவிட்டு வருகிறோம். வந்தவர்களில் பாதிப்பேர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து வந்த கையோடு போகிறவர்கள். போகாதவரை உறவினர் குறை சொல்வார்களே என்று போகிறவர்களும் உண்டு. வீட்டிலிருந்து துஆ செய்தாலும் போனில் ஸலாம் சொல்லி விசாரித்தாலும் மறுப்பவர் யார்? குடும்பத்தில் இருவரை மட்டும் பொறுப்பாக்கி, மற்றவர்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புற்றுநோய் மருந்து ஏற்றி வெள்ளை அணு இறங்கியிருப்பவர் வீட்டுக்கு இது இன்னும் அவசியம். அவர்கள் பக்கம் பூங்கொத்து வைப்பதையும் பல ஆஸ்பத்திரிகளில் தடுக்கிறார்கள். ஜாடித் தண்ணீரில் இந்தக் கிருமி செழித்து வளரும்.

கட்டிலருகே மாட்டியிருக்கும் கைத்தேய்ப்பு மருந்தில் ஆல்கஹால் இருக்கிறது என்று சிலர் தொட மறுக்கிறார்கள். பேணுதலை மதிக்கிறோம். ஆனால் இது பற்றி மார்க்க அறிஞர்கள் பேசி முடித்துவிட்டார்கள். 2002 ஜனவரியில் மக்காவில் ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் கவுன்சில் கூடிய 16வது அமர்வில், காயத்தைச் சுத்தம் செய்யவும் கிருமியைக் கொல்லவும் வெளியில் பூசவும் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு கைச்சுத்த வழிகாட்டி நூலும் அந்தத் தீர்மானத்தை எடுத்துக்காட்டுகிறது. அதைக் குடிக்கப் போவதில்லை. கையில் தேய்த்தால் காய்ந்துவிடுகிறது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தேய்த்துக்கொள்ளுங்கள். மனதில் சங்கடம் இருந்தால் நமது இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவடையலாம்.

ஜம்ஜம் தண்ணீர் விஷயம். ஹஜ், உம்ரா போய் வந்த வீட்டிலிருந்து ஒரு சின்னப் பாட்டில் வாங்கி வந்து, மயக்கத்தில் இருப்பவர் வாயில் சொட்டுவது, புண்ணின் மேல் தெளிப்பது, கண்ணில் விடுவது எல்லாம் அன்பினால் செய்வது. ஓதி ஊதிய தண்ணீரும் இப்படித்தான். தண்ணீரின் பரக்கத்தில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் பாட்டிலின் மீது. பல மாதம் திறந்து மூடிய பிளாஸ்டிக் பாட்டில், கை மாறி வந்தது. அதிலும் டியூப் போட்டவர் வாயில் விடும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியாவுக்குக் காரணமாகலாம். நினைவோடு இருந்து, குடிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தவருக்குக் கொடுங்கள். மற்றவருக்குக் கட்டிலருகே நின்று ஓதி துஆ கேளுங்கள். அதற்குத் தண்ணீர் நிபந்தனை இல்லை.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். தண்ணீர் பட்டால் தீங்கு என்று டாக்டர் சொன்ன புண்ணை நனைத்து ஒளுச் செய்ய வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. கட்டின் மேல் மஸ்ஹு செய்வதும் தயம்மும் செய்வதும் இதற்காகத்தான் இருக்கின்றன. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் விவரம் சற்று மாறும், ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் தயம்முமுக்கென்று தோட்டத்து மண்ணைப் பையில் கட்டி ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோக வேண்டாம். மேலே சொன்னோமே, இந்தக் கிருமியின் சொந்த ஊர் மண்ணும்தான். அங்கே இருப்பவர் என்ன செய்வது என்பதற்கும் ஃபிக்ஹில் வழி இருக்கிறது.

வீட்டிலும் சில இடங்களில் இது நம்மைத் தேடி வருகிறது. சர்க்கரை உள்ள வயதானவருக்குக் காதில் வலி வந்து, இரவில் தூங்கவிடாமல் குத்தி, நீர் வடிந்தால், எண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இந்தக் கிருமி காதுக்குழாயிலிருந்து மண்டை எலும்புக்கு இறங்கும் ஒரு நோய் உண்டு. முகம் ஒருபக்கம் கோணிய பிறகு வந்தால் மீட்பது சிரமம். அதேபோல், நம் மூத்த பெண்கள் அலுக்கத்துப் போடக் காது விளிம்பு முழுக்கக் குத்திக்கொண்டார்கள். இப்போது பிள்ளைகள் ஃபேஷனுக்கு மேல்காதில் குத்துகிறார்கள். காது மடலின் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. சூடோமோனாஸ் அங்கே புகுந்தால் காது சுருங்கி உருமாறிவிடும். குத்திய இடம் சிவந்து வீங்கினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடும் பிள்ளைகள் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. கருவிழியில் புண் வந்தால் ஓரிரு நாளில் பார்வை போகலாம். தீக்காயத்தில் குளிர்ந்த சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டு, சுத்தத் துணியால் மூடி அழைத்துப் போங்கள். பேஸ்ட்டும் மஞ்சளும் மையும் வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, நீங்கள் அள்ளிக் கொடுத்த நன்கொடையில் டிரஸ்ட் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்கள் வாங்கியது. கொரோனா ஓய்ந்த பிறகும் நுரையீரல் நோயாளிகள் அவற்றை வாங்கிச் சென்று பயன்படுத்தி வருகிறார்கள். அந்த இயந்திரத்தில் ஆக்சிஜன் குமிழியிட்டு வரும் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று இருக்கும். இந்தக் கட்டுரைக்காகப் பேசப் போன டாக்டர்களில் ஒருவர், “உங்க மெஷினை யார் சுத்தம் பண்றாங்க?” என்று கேட்டார். யாரும் இல்லை. திரும்பி வந்ததும் வெளியே துடைத்து, மூடிவைத்து, அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவரே அலுவலகத்துக்கு வந்து பாட்டில்களைத் திறந்து பார்த்தார். இரண்டில் அடியில் பழைய தண்ணீர் நின்றது. ஒன்றின் உட்புறம் விரல் வைத்தால் வழுக்கியது, பச்சை படர்ந்திருந்தது. இது பாசியோ கிருமியோ, எதுவானாலும் நோயாளியின் நுரையீரலுக்குள் போகக் கூடாதது என்று சொல்லிவிட்டு, வேறெதுவும் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டார்.

நல்லது செய்கிறோம் என்ற நிம்மதியில் இருந்தோம். இந்தப் பாட்டில்களால் யாருக்காவது நோய் கூடியதா என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. கூடவில்லை என்று நாங்கள் சொல்லப் போவதும் இல்லை. பயன்படுத்திய குடும்பங்களின் வீட்டுக்கு நேரில் போய் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு வருகிறோம். இன்னும் சில வீடுகள் பாக்கி இருக்கின்றன.

பழைய பாட்டில்கள், மூக்குக் குழாய்கள், நெபுலைசர் மாஸ்க்குகள் அனைத்தையும் அப்புறப்படுத்திவிட்டோம். இனி ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய பாட்டிலும் புதிய குழாயும் தரப்படும். அவற்றின் விலையைக் கொடுக்க இயலாதவர்களுக்கு டிரஸ்ட் ஏற்கும். பாட்டிலில் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் அல்லது நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் நேராக ஊற்றக் கூடாது. மீதி இருக்கும் தண்ணீரின் மேல் புதுத் தண்ணீரை ஊற்றாமல், தினமும் முழுவதும் கொட்டி, சோப்பு நீரில் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காயவைத்துப் பிறகு நிரப்ப வேண்டும். நெபுலைசர் கிண்ணத்தையும் ஒவ்வொரு தடவைக்கும் பிறகு அப்படியே செய்ய வேண்டும். காய்வதுதான் இதில் முக்கியம். மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள இரண்டாவது பாட்டில் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறோம்.

மருத்துவ உதவிக்கு விண்ணப்பிப்பவர்கள் இனி கல்ச்சர் ரிப்போர்ட் இருந்தால் அதன் நகலையும் இணைக்கவும். நமதூர் டாக்டர்கள் வியாழக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் இருந்து, குடும்பத்தாருக்கு அதைப் படித்து விளக்கிச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஜஸாகுமுல்லாஹு கைரன். இயந்திரத்தைத் திருப்பித் தருகிறவர்கள் அதே நேரத்தில் கொண்டுவந்தால், பாட்டிலைக் கழற்றி உட்புறம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ரசீது கொடுப்போம். ஈரமாக இருந்தால் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறோம். யாரும் மனவருத்தப்பட வேண்டாம்.